பூட்டிய வாசலும் திறந்த வாசல்களும்

 

முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளி மாணவியருக்கு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஸ்பெயின் நாட்டை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம், கிரனாடா நகரின் அல்ஹம்ரா அரண்மனையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். 1238-ஆம் ஆண்டு நஸ்ரீ வமிசத்தின் முதல் மன்னர் அங்கே கட்டடப் பணியைத் தொடங்கியதையும், ஐந்தாம் முஹம்மது அமைத்த முற்றத்தில் பன்னிரண்டு கற்சிங்கங்கள் நீர்த்தொட்டியைச் சுமந்து நிற்பதையும், 1492 ஜனவரி 2-ஆம் நாள் அந்நகரம் கைமாறியதையும் கதை போலக் கூறுவேன். மாணவியர் கேட்பார்கள்: "டீச்சர், நீங்கள் அதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?" நான் சொல்வேன்: "இல்லை, இன்ஷா அல்லாஹ் ஒரு நாள் பார்ப்பேன்."

2023 அக்டோபரில் அந்த ஒரு நாள் வந்தது. வந்தும், சிங்கங்கள் நிற்கும் அந்த முற்றத்தை நான் பார்க்கவில்லை. என் கதை உங்களில் எவருக்கேனும் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் பணி புரியும் என் மகன் ஜூன் மாதத்திலேயே தொலைபேசியில் சொன்னான்: "உம்மா, அல்ஹம்ராவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே சீட்டு வாங்க வேண்டும். ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுக்க வேண்டும். இருவரின் பாஸ்போர்ட் நகலையும் உடனே அனுப்புங்கள்."

நான் அனுப்பவில்லை. வீட்டில் ஒரு நிக்காஹ் வேலை இருந்தது. அதைவிட, 'வாசலில் போய்ப் பணம் கொடுத்தால் சீட்டுத் தரமாட்டார்களா?' என்ற அலட்சியம் இருந்தது. புறப்படப் பத்து நாள் இருக்கையில் நகல்களை அனுப்பினேன். அதற்குள் நாங்கள் கிரனாடாவில் தங்கும் இரண்டு நாள்களுக்கும் நஸ்ரீ அரண்மனைகளுக்கான சீட்டுகள் ஒன்றுகூட மீதமின்றி விற்றுத் தீர்ந்துவிட்டன. குற்றம் என்னுடையதே, வேறு எவர்மீதும் நான் பழி சொல்வதற்கில்லை.

ஏன் இத்தனை கெடுபிடி என்று நீங்கள் கேட்கலாம். 2019-ஆம் ஆண்டில் மட்டும் அல்ஹம்ராவைக் காண வந்தோர் 27 லட்சத்துக்கும் அதிகம். அரண்மனையின் உள்கூடங்களோ சிறியவை. சுவர்களை அலங்கரிப்பது மெல்லிய சாந்தில் செதுக்கிய நுண்வேலைப்பாடு. கூட்டம் முண்டியடித்தால் தாங்காது. ஆகவே அரை மணி நேரத்துக்கு 300 பேர் என்று அளவு வைத்து, சீட்டில் குறித்த நேரத்தில் மட்டுமே உள்ளே விடுகிறார்கள். அளவு வைத்ததால்தான் அது நம் பேரப்பிள்ளைகளுக்கும் எஞ்சியிருக்கும்.

இருந்தாலும் ஆசை விடுமா? "போய் வாசலிலாவது நிற்போம்" என்று முதல் நாள் காலையில் என் கணவர், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி ஆகியோருடன் குன்றின்மீது ஏறினேன். அங்கே ஒருவர் எங்களை அணுகினார். தம்மிடம் அன்று மதியத்துக்கான சீட்டுகள் இருப்பதாகவும், வர முடியாமற்போன ஒரு குடும்பத்தின் பெயரில் அவை இருப்பதாகவும், இரு மடங்கு விலை கொடுத்தால் தருவதாகவும் சொன்னார். "பெயரை எவரும் பார்ப்பதில்லை" என்று உறுதியும் அளித்தார்.

என் மகன் தயங்கினான். "உம்மா, இது வேறு யாருடைய பெயரோ" என்றான்.

வாசகர்களே, வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "வாங்கிவிடு தம்பி" என்று சொன்னவள் நான்தான். பிறர் பெயரில் கையெழுத்திட்ட பிள்ளைகளை முப்பத்தோர் ஆண்டுகள் கண்டித்த அதே நான்! வாழ்நாளில் இன்னொரு முறை இங்கே வரப்போவதில்லை என்ற எண்ணம் என் கண்ணை மறைத்துவிட்டது.

என் கணவர் அதிகம் பேசாதவர். சிறு மளிகைக் கடை நடத்தியே பிள்ளைகளை வளர்த்தவர். அவர் மெதுவாகக் கேட்டார்: "உன் பெயரை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், யாராக நின்று பார்க்கப் போகிறாய்?"

எனக்குப் பதில் வரவில்லை. பேத்தி எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குமுன் என் ஆசை தலைகுனிந்தது. "வேண்டாம் தம்பி" என்றேன். அந்த மனிதர் அடுத்த குடும்பத்தை நோக்கி நகர்ந்தார்.

பிறகுதான் எங்களுக்கு ஒரு செய்தி தெரிந்தது. அல்ஹம்ரா முழுவதும் பூட்டிய அரண்மனை அன்று! அதன் கோட்டைச் சுவருக்குள் சீட்டே இல்லாமல் செல்லக்கூடிய இடங்கள் பல இருக்கின்றன.

1348-ஆம் ஆண்டு முதலாம் யூசுப் கட்டி முடித்த நீதி வாசல் வழியாக நாங்கள் உள்ளே நுழைந்தோம். அதன் வெளி வளைவில் ஒரு கையும், உள் வளைவில் ஒரு சாவியும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்து, ஐந்தாம் சார்லஸ் மன்னர் 1527-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. வெளியே சதுரமாகவும் உள்ளே வட்ட முற்றமாகவும் அமைந்த அம்மாளிகையின் கீழ்த்தளத்தில்தான் அல்ஹம்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

வெளியே அத்தனை கூட்டம். இங்கே அறைக்கு நாலைந்து பேர்! இரு மான்கள் எதிரெதிரே நிற்கும் ஓவியம் தீட்டிய, நாலரை அடி உயரப் பெரிய மண்சாடியின்முன் நெடுநேரம் நின்றோம். அரண்மனையில் இருந்த மரவேலைகளும் ஓடுகளும் சாந்துச் சிற்பங்களும் கண்ணுக்கு மிக அருகே இருந்தன. ஓரிடத்தில் பேத்தி நின்றுவிட்டாள். மதரஸாவில் ஓதக் கற்றவள் அல்லவா? சுவரில் இருந்த எழுத்தை விரல் படாமல் சுட்டி, எழுத்துக் கூட்டி வாசித்தாள்: "வலா... காலிப... இல்லல்லாஹ்."

'அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் வேறில்லை.' நஸ்ரீ மன்னர்களின் முத்திரை வாசகம் அது. வகுப்பில் எத்தனையோ முறை நான் சொன்ன வாசகம். நாடும் நகரமும் கைவிட்டுப் போன பின்னும், போனவர்களின் வாக்குமூலமாக அது சுவரில் நிற்கிறது. சற்று முன் ஒரு சீட்டுக்காக என் நேர்மையை இழக்கத் துணிந்த நான், அதைக் கேட்டுக் கண் கலங்கினேன்.

அங்கிருந்து வெளியே வந்தபோது, அருகிலிருந்த நஸ்ரீ அரண்மனை வாயிலில் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிச் சீட்டுடன் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்கியிருந்தால் பணமும் மானமும் ஒருங்கே போயிருக்கும். ஆனால் பிடிபடாமல் தப்பினோம் என்பதற்காக நான் மகிழவில்லை. பிடிபடாமல் உள்ளே போயிருந்தாலும் அது பிழைதானே?

பழைய பள்ளிவாசல் இருந்த இடத்தில் இன்று ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் அருகே பள்ளிவாசலைச் சேர்ந்த குளியலகம் மட்டும் எஞ்சியுள்ளது. கூரையில் நட்சத்திர வடிவத் துவாரங்கள் வழியே வெயில் இறங்கும் அந்த இடத்தையும் பார்த்தோம்.

மறுநாள் பஜ்ருத் தொழுகைக்குப் பின் மகன் கைப்பேசியில் அரண்மனை நிர்வாகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தான். ரத்தாகும் சீட்டுகள் சில நேரம் மீண்டும் விற்பனைக்கு வருவதுண்டு. நஸ்ரீ அரண்மனைக்கு எதுவும் வரவில்லை. ஆனால் கோட்டைக்கும் தோட்டங்களுக்கும் தனிச் சீட்டு ஒன்று இருக்கிறது. அது எங்கள் ஐவருக்கும், எங்கள் சொந்தப் பெயரிலேயே கிடைத்தது. ஜன்னத்துல் அரீஃப் எனப்பட்ட தோட்டத்தில் நீரின் ஓசையைக் கேட்டபடி நடந்தோம். தாரோ ஆற்றிலிருந்து பல கிலோமீட்டர் தூரம் கால்வாய் வெட்டிக் குன்றின் உச்சிக்கு அந்நீரைக் கொண்டுவந்தவர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தியவர்கள்!

அன்று அஸர்த் தொழுகையை எதிர்க்குன்றில், 2003-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிரனாடா பள்ளிவாசலில் நிறைவேற்றினோம். அதன் தோட்டத்தில் நின்று பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் அல்ஹம்ரா முழுவதும் தெரிகிறது. மாலை வெயிலில் அதன் சுவர்கள் சிவந்தன. 'சிவந்தது' என்பதுதானே அப்பெயரின் பொருள்? நான் வரைந்த கரும்பலகைப் படத்தைவிட அது எவ்வளவோ பெரிது!

நீங்கள் போவதானால் என்னைப் போல் தாமதிக்காதீர்கள். பயண நாள் முடிவானதும் முதல் வேலையாகச் சீட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். பகல் சீட்டு இல்லையெனில் இரவுக் காட்சிக்குத் தனிச் சீட்டு உண்டு. அதையும், தோட்டச் சீட்டையும் பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டாலும் குன்றின்மீது ஏறுங்கள். நீதி வாசல் திறந்திருக்கும். ஆனால் பிறர் பெயரில் நுழையாதீர்கள்.

ஊர் திரும்பியதும் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்து கேட்டாள்: "டீச்சர், சிங்க முற்றத்தைப் பார்த்தீர்களா?"

"இல்லை அம்மா" என்றேன். அந்த இரண்டு சொற்களை எந்தக் கூச்சமும் இன்றிச் சொல்ல முடிந்ததே, அல்ஹம்துலில்லாஹ்!