முன்னால் அடிப்பவர்கள்

அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று லோயர் கேம்பில் ராத்திரிக் கலைநிகழ்ச்சி வைப்பதென்று முடிவாகியிருந்தது. சென்னையிலிருந்து ஒரு ராக் குழு வர ஒத்துக்கொண்டது. கிடார், டிரம்ஸ் வைத்துச் சாதி ஒழிப்புப் பாட்டுப் பாடுகிற நம்ம பையன்கள்தான். பயணச் செலவு போக ஏதாவது கொடுங்கள், போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் சிக்கல் இல்லை. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"அவங்களுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க தப்பு அடிக்கட்டும்ணே. ராக் கச்சேரின்னா அதுதான் முறை. ஓப்பனிங் பேண்ட்னு ஒண்ணு முதல்ல ஏறும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "முன்னாடி அடிக்கிறதுன்னா கூட்டம் சேக்குறதுன்னு அர்த்தம். காலம்பூரா அதத்தானடா செஞ்சோம்? ஒண்ணு அவங்களோட சேந்து அடிக்கணும், இல்ல கடைசியா அடிக்கணும்" என்று கத்தினேன். அன்றைய கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

ஏன் கத்தினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2001-ல் எனக்குப் பத்துப் பதினோரு வயது. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு அய்யாவும் கூட ஆறு பேரும் தப்பு அடிக்கப் போனார்கள். நானும் தொத்திக்கொண்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி அடிக்க ஆரம்பித்தார்கள். மேடைக்குக் கீழே, மண்ணில். சத்தம் கேட்டுத்தான் சனம் வந்தது. எட்டு மணிக்கு மைதானம் நிறைந்தது. மைக்கில் ஒரு குரல், "ஏய், போதும் நிறுத்துங்கப்பா, கச்சேரி ஆரம்பிக்கப் போறாங்க" என்றது. நிறுத்தினார்கள். அந்தக் குரல் பிறகு வரிசையாக நன்றி சொன்னது. பந்தல் போட்டவருக்கு, மைக்செட்டுக்காரருக்கு, ஜெனரேட்டர் கொடுத்தவருக்கு. தப்பு அடித்தவர்களுக்கு இல்லை. நாங்கள் ஜெனரேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டோம். மெல்லிசைக் குழு ஒரு குத்துப்பாட்டை எடுத்தது. பேடில் ஒருவர் ரெண்டு குச்சியால் தட்டினார். அதிலிருந்து தப்புச் சத்தம் வந்தது! கூட்டம் விசிலடித்து ஆடியது. அய்யா என்னைப் பார்க்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "சத்தத்த மட்டும் மேல ஏத்திட்டாய்ங்க" என்றார்.

அந்த ராத்திரிதான் என் தொண்டையிலிருந்து கத்தியது.

அடுத்த சில நாட்கள் நான் இதைத் தேடிப் படித்தேன். மேல்நாட்டு ராக் கச்சேரியில் முன்குழு என்பது என்ன? பெரிய குழுவுக்காகச் சீட்டு வாங்கியவர்கள் முன்னால் தெரியாத ஒரு குழு அரைமணி நேரம் வாசிக்கும். அதற்கு வெளிச்சம் குறைவு, சத்தம் குறைவு. ஒலிச் சோதனையைப் பெரிய குழுதான் முதலில் செய்யும். மிச்ச நேரம் இருந்தால் முன்குழுவுக்கு. சில இடங்களில் முன்னால் வாசிக்கிற வாய்ப்புக்கு முன்குழுவே காசு கட்ட வேண்டும். கூலி கொடுத்து வேலை வாங்குவது போய், கூலி கட்டி வேலை செய்வது.

இதில் நிறத்தின் கதையும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற வெள்ளைக்காரக் குழு தன் பெயரையே மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் பாட்டிலிருந்து எடுத்தது. கறுப்பு மக்களின் புளூஸ் இசையைக் கற்றுத்தான் அவர்கள் பெரிய ஆளானார்கள். 1969-ல் அவர்கள் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனபோது முன்னால் வாசித்தவர்களில் ஒருவர் பி.பி. கிங், புளூஸின் ஆசான்களில் ஒருவர். கற்றவன் கச்சேரிக்குக் கற்றுக்கொடுத்தவன் முன்குழு! ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவரை மரியாதையோடு அழைத்தது அந்தக் குழுவே. அந்த மேடைகளால் அவரைக் கேட்டிராத ஆயிரக்கணக்கான வெள்ளை இளைஞர்கள் அவரைக் கேட்டார்கள். 1981 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் அதே குழுவுக்கு முன்னால் பிரின்ஸ் என்ற கறுப்பின இளைஞர் ஏறினார். கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்து அவரை விரட்டியது. மூன்றே வருசத்தில், 1984-ல், 'பர்ப்பிள் ரெயின்' வந்து அவர் உலகப் புகழ் பெற்றார். விரட்டியது மேடை அல்ல, கூட்டத்தின் புத்தி.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கே வருவோம். பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் யார்? கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடிக் கூட்டத்தை உட்கார வைத்தவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் நடுவே ரோசம்மா புன்னூசுக்காகப் பாடினார். ஈ.எம்.எஸ். ஆட்சிக்கு மிக முக்கியமான அந்தத் தேர்தலில் ரோசம்மா ஜெயித்தார். அந்த மலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து போன நம் சனம். பாடியவர் வேட்பாளரும் இல்லை, தலைவரும் இல்லை. அரசியல் மேடையின் முன்குழு என்றே சொல்லலாம். ஆனால் அவர் கூட்டம் மட்டுமா சேர்த்தார்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அரசியலைப் பாட்டில் வைத்துக் கொடுத்தார். தலைவர் பேச்சு மறந்தாலும் மெட்டு மறக்காது. அந்தக் குழுவில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்த தம்பி 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். இளையராஜா எந்த அடையாளத்தை ஏற்றார், மறுத்தார் என்ற விவாதத்துக்குள் இங்கே நான் போகவில்லை. முன்னால் பாடுகிற இடம் பள்ளிக்கூடமாகவும் இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் கிராமத்து ஸ்பெஷல் நாடகத்திலும் முதலில் வருவது பபூன்தான். முருகன் வேசக்காரர் வருவதற்குள் சனத்தைச் சிரிக்க வைத்து, ஊரையே கிண்டல் செய்து, ராத்திரியைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிடுவார். சபாக்களின் மார்கழிக் கச்சேரியில் நடப்பது வேறு. இளையவருக்கு மத்தியானம், மூத்தவருக்குச் சாயங்காலம். அங்கே நேரம்தான் படிக்கட்டு. சாதியும் படிக்கட்டுத்தானே! ஏறுகிறவனுக்குத் தலைக்கு மேல் ஒரு கால், காலுக்குக் கீழ் ஒரு தலை. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது பறையும் சட்டியும் கிடாரும் டிரம்ஸும் ஒரே நேரத்தில் ஒலித்தன. யாரும் யாருக்கும் முன்குழு இல்லை. அதுவே சரி என்று நினைத்து, இதையெல்லாம் தூக்கிக்கொண்டு அய்யாவிடம் போனேன்.

அய்யாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சாவுக்கு அடிப்பதில்லை என்று எங்கள் தெரு முடிவெடுத்த பிறகு அவர் தப்பைப் பரணில் போட்டவர். இயக்கம் வந்து, 'இது இழிவு இல்லை, நம் ஆயுதம்' என்று சொன்ன பிறகு இறக்கியவர். ரெண்டு முடிவையும் அவர் யோசித்துத்தான் எடுத்தார்.

"கடைசியா அடிங்கய்யா, அதுதான் மரியாத" என்றேன்.

"பத்து மணிக்குப் போலீஸு மைக்க நிறுத்தும். முன்னால பாடுறவன் இழுத்தா எங்க நேரந்தான போகும்? அப்ப உன் மரியாதய வச்சு என்னா செய்ய?"

"அப்ப சேந்து அடிங்க."

"அந்தப் பையங்களும் நாங்களும் ஒருநாக்கூடச் சேந்து பழகல. சேந்தடிச்சா சேந்துருமா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடி அடிச்சதுல எனக்கு ஒண்ணும் கேவலம் இல்லடா. அடிச்சு முடிச்சதும் யாருன்னு கேக்காம தொரத்துனாய்ங்க பாரு, அதான்."

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இது தோன்றவில்லை. வரிசையைப் பார்த்தேன். வரிசைக்குப் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

மறுபடி கூடினோம். தப்புத்தான் முதலில். ஆனால் நோட்டீசில் ரெண்டு குழுவின் பெயரும் ஒரே அளவு எழுத்தில். ஆளுக்கு முக்கால் மணி நேரம். பணம் சமம். ஒரே பந்தியில் சாப்பாடு. தப்பு அடிப்பவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் மைக்கில் சொல்ல வேண்டும். மேடையில்தான் அடிக்க வேண்டும், கீழே கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை நான் போட்டது.

அன்றைக்கு ராக் குழுவின் ஒலிச் சோதனை ஆறரை வரைக்கும் இழுத்தது. தப்புக்கு நேரமே கிடைக்கவில்லை. பெயர் சொல்லி ஏழு பேரையும் மேடையேற்றினோம். அடிக்குச்சி தோலில் விழுந்ததும் மைக் ஊளையிட்டது. மைக்செட்டுக்காரர் ஓடி வந்து எதையோ திருகினார். சத்தம் செத்துப்போனது. அய்யா ரெண்டு நிமிசம் பார்த்தார். சிண்டுக்குச்சியை வாயில் கடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார். மற்றவர்களும் இறங்கினார்கள். மண்ணில் வட்டம் கட்டி அடித்தார்கள். மின்நிலையக் குழாய்கள் இறங்கும் மலையில் பட்டுச் சத்தம் திரும்பியது. சனம் சுற்றி நின்றது, பொம்பளைகள் உள்ளே புகுந்து ஆடினார்கள். ராக் குழுவின் டிரம்ஸ் பையன் தரையில் உட்கார்ந்து அடி எண்ணிக்கொண்டிருந்தான். மேடைதான் மரியாதை என்று பிடிவாதம் பிடித்த நான் காலி மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். ஆட்டமும் அடியும் சேர்ந்ததுதான் தப்பு. அதற்கு வட்டம் வேண்டும். 2001-ல் கீழே நின்றது அவர்கள் தள்ளி நிறுத்தியதால். இன்றைக்குக் கீழே இறங்கியது தானாக. ரெண்டும் ஒன்றல்ல.

இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் இன்னொன்றும் நடந்தது.

தப்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் போன் வந்தது. எங்கள் தெருப் பையன், கல்லூரி படிப்பவன். "அண்ணே, மெயின் எப்ப ஆரம்பிக்கும்? அப்ப வர்றோம்." எட்டு மணிக்கு மேல் பத்துப் பதினைந்து பேராக வந்தார்கள். அதில் 'ஓப்பனிங் பேண்டுதான் முறை' என்று சொன்ன தம்பியும் இருந்தான். கிடாருக்கு அப்படி ஆடினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. விடுதியில் தங்கிப் படித்த நாளில் தப்புச் சத்தம் கேட்டால் நானும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறேன், 'உங்க ஆளுங்கதானே' என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்று. சாதி இந்து நம் அப்பனை முன்குழுவாக வைத்தான். நாம் அதைக்கூடக் கேட்காமல் தாமதமாக வருகிறோம். முதல் குற்றத்துக்கு எதிராகக் கூட்டம் போடத் தெரிகிறது. ரெண்டாவதற்கு?

முன்குழு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் என் பதில் இப்போது இதுதான். வேண்டும். தெரிந்ததைக் கேட்க வந்தவன் காதில் தெரியாததைப் போட அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பெயர் இல்லாமல், சம கூலி இல்லாமல், ஒலிச் சோதனைக்கு நேரம் இல்லாமல் வைக்கிற முன்குழு கலை அல்ல, வெட்டிவேலை. முன், பின் என்பது வருசத்துக்கு வருசம் மாற வேண்டும். மாறாத வரிசைக்குப் பெயர்தான் சாதி.

அடுத்த வருசம் ராக் குழு முதலில், தப்பு கடைசியில் என்று பேசியிருக்கிறோம். நேரத்தை நாங்களே கையில் வைத்துக்கொள்வோம், யாரும் இழுக்க விடமாட்டோம் என்று அய்யாவிடம் சொன்னேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்படின்னா வைக்கோல் ரெண்டு கட்டு கூட வாங்கி வைங்கடா. அம்புட்டு நேரம் மலக்காத்துல கெடந்தா தோலு தொஞ்சு போகும்" என்றார்.