வண்டியில் அத்தை பாட்டு

என்னோட ஆம்னி வேனில் இருக்கிற ஸ்டீரியோவுக்கு ஒரு கெட்ட பழக்கம். பென் டிரைவில் நாம பேர் வாரியா, படம் வாரியா எப்படி அடுக்கி வச்சாலும் அது கண்டுக்காது. எந்தப் பாட்டு முதல்ல காப்பி ஆச்சோ அதைத்தான் முதல்ல பாடும். பழைய செட்டு பலதும் இப்படித்தான். 64 ஜி.பி. பென் டிரைவ் வாங்கி அப்படியே சொருகினா ஒண்ணுமே பாடாது, கம்ப்யூட்டர்ல போட்டு ஃபேட்32-ஆ மாத்தணும். தமிழ்ல பேர் வச்சா திரையில வெறும் கட்டம் கட்டமா வரும். இதெல்லாம் தெரிஞ்சுக்கவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையா இருக்கும். போன்ல கேட்டா எந்தப் பாட்டும் வந்துடும்னு சொல்லுவீங்க. குறிஞ்சிப்பாடி டவுனுக்குள்ள எனக்கும் வரும். எங்க கொல்லைக்குப் போற மண்பாதையில திரும்பினா சிக்னல் ஒரு கோடு, சில நாள் அதுவும் இல்லை. வெத மூட்டையை ஏத்திக்கிட்டு பத்து கிலோமீட்டர் வேகத்துல குலுங்கிக் குலுங்கிப் போறப்ப பென் டிரைவ்தான் துணை. அதுவுமில்லாம என்கிட்ட இருக்கிற ஒரு பாட்டு எந்த ஆப்லயும் கிடையாது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1987-ல, எனக்கு பதினாலு வயசு. சிங்கப்பூர்லேர்ந்து வந்த மாமா ஒரு டூ-இன்-ஒன் கொண்டு வந்தார். அந்த ஐப்பசியில சம்பா நடவு நடந்தப்ப அதைத் தூக்கிட்டுப் போய் வரப்புல வச்சு, ஒரு 90 கேசட்டைப் போட்டு, ரெக்கார்டு பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து அமுக்கிட்டேன். அத்தைதான் முன்பாட்டு. அப்பாவோட அக்கா. பின்னாடி பத்து பன்னெண்டு பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு நட்டுக்கிட்டே வாங்கிப் பாடினாங்க. சேத்துல கால் எடுத்து வைக்கிற சத்தம், நாத்து முடி வந்து விழுற சத்தம், நடுவுல கடலூர் – விருத்தாசலம் லைன்ல போற ரயில் (அப்ப மீட்டர் கேஜ்), "டேய் அந்தப் பொட்டிய நனைச்சுடாத"ன்னு அப்பா போட்ட அதட்டல், எல்லாம் அதுல விழுந்துச்சு. ஒரு பக்கம் முடிஞ்சதும் திருப்பிப் போட்டேன். ரெண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

1992-ல ரோஜா வந்துச்சு. ஊரே அந்தப் பாட்டாத்தான் கிடந்துச்சு. கேசட் வாங்க காசு இல்லை. ரெக்கார்டிங் சென்டர்ல பழைய கேசட் கொடுத்தா பதிஞ்சு கொடுக்கிற கூலி மட்டும்தான். வீட்ல தேடினேன். அத்தை பாட்டு கேசட்தான் கையில கிடைச்சது. "முதல் பக்கத்தைத் தொடாதீங்கண்ணே, ரெண்டாம் பக்கம் அழிச்சுட்டுப் போடுங்க"ன்னு நானே சொன்னேன். அத்தை என்ன அடுத்த வருஷம் பாடாமலா போயிடும்னு நினைச்சிருப்பேன் போல. நிஜமா அப்ப என்ன நினைச்சேன்னு ஞாபகம் இல்லை. பாட்டு நல்லா பதிஞ்சிருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கு.

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல். எங்க பக்கத்து ஆளுங்க யாரைக் கேட்டாலும் அந்தத் தேதியைச் சொல்லுவாங்க. முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சது பேப்பர்ல வந்துச்சு. எங்க வீட்டு ஓடு பறந்து, கேசட் இருந்த டிரங்குப் பெட்டிக்குள்ள தண்ணி நின்னது எந்தப் பேப்பர்லயும் வரலை. முந்திரிக் கொல்லையைச் சரி பண்ணவே ஒரு வருஷம் ஓடிடுச்சு. அதுக்கப்புறம்தான் பெட்டியைத் தொறந்தேன். எழுபது கேசட்ல தேறினது பதினொண்ணு. அத்தை கேசட்டோட கூடு வளைஞ்சு கிடந்தது, ஆனா ரீல் அறுந்து போகலை. அஞ்சு திருகாணியைக் கழட்டி, ரீலை நெழல்ல உலர்த்தி, வேற நல்ல கூட்டுக்குள்ள மாத்தினேன். அண்ணன் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்த விலையில்லா லேப்டாப் இருந்துச்சு. டேப்போட ஹெட்போன் ஓட்டையிலேர்ந்து லேப்டாப்போட மைக் ஓட்டைக்கு ஒரு ஒயர். ஆடாசிட்டின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுல பதிஞ்சோம். இதுல குறுக்கு வழி கிடையாது, 45 நிமிஷம் பாடினா 45 நிமிஷம் உக்காந்திருக்கணும்.

அங்கயும் ஒரு தப்பு பண்ணினேன். இடம் மிச்சமாகட்டும்னு 64 கே.பி.பி.எஸ். மோனோவுல சேமிச்சேன். மொத்தமே 22 எம்.பி.தான் வந்துச்சு. அடுத்த வாரம் அண்ணன் பொண்ணு ஆசையா இன்னொரு தரம் டேப்ல போட்டுப் பார்த்தப்ப ரீல் உருளையில சுத்திக்கிட்டு அறுந்து நாராப் போச்சு. இன்னைக்கு உலகத்துல அந்தப் பாட்டு இருக்கிறது அந்த 22 எம்.பி.யிலதான். உங்க வீட்ல பழைய கேசட் இருந்தா முதல் தடவையே பெரிசா, எம்பி3 ஆக்காம, வேவ் ஃபைலா பதிஞ்சு வச்சுக்குங்க. சுருக்கறது எப்ப வேணா சுருக்கலாம்.

போன மாசம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். கடலூர்லேர்ந்து பாண்டிச்சேரி போற ரோட்டுல, தவளக்குப்பத்துல இருக்கிற அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில. நல்லபடியா முடிஞ்சு, கறுப்புக் கண்ணாடியோட முன் சீட்டுல உக்கார வச்சு வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வந்தேன். வாட்டர் டேங்க் மாதிரி நிமிந்து உக்காந்திருந்துச்சு. ஸ்டீரியோ அது பாட்டுக்கு இளையராஜா, டி.எம்.எஸ்.னு பாடிக்கிட்டே வந்து, கடலூர் தாண்டினதும் அத்தை ஃபைலுக்கு வந்துடுச்சு. நான் திட்டம் போட்டு வைக்கலை. காப்பி ஆன வரிசை அப்படி.

அத்தை கொஞ்ச நேரம் கேட்டுச்சு. "யார்ரா இவ, தொண்டை கட்டின மாதிரி பாடறா?"ன்னு கேட்டுச்சு.

எனக்குச் சிரிப்பு. சொல்லலை. நம்ம குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாவும் கேக்கும், டேப்ல வர்றது காத்து வழியா வர்றது மட்டும், அதனால நம்ம குரலே நமக்கு அந்நியமா இருக்கும்னு சொல்லுவாங்க. பின்பாட்டு வந்துச்சு. அத்தை சட்டுனு முன்னாடி குனிஞ்சு ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்துச்சு.

"டேய், இது தறிக்காரர் வீட்டு மருமக. அவதான் கடைசி எழுத்தை இழுப்பா." அடுத்த வரி. "இது கீழத் தெருவு பெரியவ. செத்து எத்தினி வருசம் ஆச்சு." இன்னும் ரெண்டு வரி. "அந்தச் சிரிக்கிறது யாரு தெரியுமா, ஒன் சின்னம்மாதான்."

ஒவ்வொருத்தரா குரலை வச்சே எண்ணிக்கிட்டு வந்துச்சு. ஏழு பேர் வரைக்கும் போச்சு. அப்புறம்தான், "அப்ப முன்பாட்டு நானா?"ன்னு என் பக்கம் திரும்பிச்சு. "ஆமாத்த." கண்ணாடியைக் கழட்டப் போன கையைப் பிடிச்சு நிறுத்தினேன். டாக்டர் தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருந்தார்.

வண்டி எங்க ஊர் எல்லைக்கு வர்ற வரைக்கும் பாடிச்சு. நாத்து நட்டு பாதி வயல் ஏறியிருப்பாங்க, ஒரு அடி பாதியில நிக்கிற எடத்துல டக்குனு ஒரு சத்தம். உடனே ரோஜா.

"மிச்சம் எங்கடா?"

வண்டியை ஓரமா நிறுத்தினேன். முப்பது வருஷமா யாரும் கேக்காத கேள்வி. புயல்ல போச்சுன்னு சொல்லியிருக்கலாம், நம்பியிருக்கும். சொல்லிட்டேன், நான்தான் அழிச்சேன்னு. அத்தை திட்டலை. "அந்தச் சினிமாப் பாட்டு இப்பவும் கிடைக்குமா?"ன்னு கேட்டுச்சு. எல்லா இடத்துலயும் கிடைக்கும் அத்தன்னேன். "ம்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அதுக்கு அது ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

வீட்டு வாசல்ல இறங்கறப்ப தானாவே, "விட்ட எடத்துலேர்ந்து நானே பாடறேன், போன்ல புடிச்சுக்க"ன்னு சொல்லிச்சு. உடனே போனை எடுத்தேன். ரெண்டு வரி வந்துச்சு. மூணாவதுல இருமல். அப்புறம் அடி மறந்து போச்சு. "கூட வாங்கிப் பாட ஆள் இல்லாம வரமாட்டேங்குதுடா. நட்டுக்கிட்டே பாடினாத்தான் அடுத்த அடி வரும்"னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. எங்க வயல்ல இப்ப நடவு மிஷின்தான் வருது. அந்தச் சத்தத்துல பாட்டு எங்க கேக்கறது.

அத்தை எண்ணின ஏழு பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க. தறிக்காரர் வீட்டு மருமகளும் சின்னம்மாவும். கேட்டுப் பார்த்தேன், சின்னம்மா வர்றேன்னிருக்கு, அது வெக்கப்படுது, சொல்ல முடியாது. அடுத்த செக்கப் புதன்கிழமை. மூணு பேரையும் வேன்ல ஏத்திக்கிட்டு, முதல் பக்கத்தைப் போட்டுவிட்டு, முடியற எடத்துல ஸ்டீரியோவை அணைச்சுடறதா உத்தேசம். ரோஜா வர்றதுக்கு முன்னாடி அணைக்கணும். 44-வது நிமிஷம், 10-வது செகண்டு. டேஷ்போர்டுல எழுதி ஒட்டி வச்சிருக்கேன்.