மலாக்காவில் ஒரு பிற்பகல்

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வழியில் மலாக்காவில் இறங்கினார் அந்தத் தமிழாசிரியர். அடுத்த பேருந்து மாலை ஐந்து மணிக்கு. இடையில் அவருக்குக் கிடைத்தது ஐந்து மணி நேரமே. வரலாற்று நூல்களில் பலமுறை படித்து, மாணவர்க்கும் எடுத்துரைத்த நகரைக் கண்ணாரக் காண அதுவே நல்வாய்ப்பாக அமைந்தது.

ஆற்றோரத்துச் செந்நிறக் கட்டடங்களே அவரை முதலில் வரவேற்றன. 1753ஆம் ஆண்டில் எழுந்த கிறிஸ்து தேவாலயமும், அதற்கு நூறாண்டு மூத்த டச்சு ஆளுநர் மாளிகையும் அங்கே அருகருகே நிற்கின்றன. குன்றைச் சுற்றி வந்தால், 1511ஆம் ஆண்டில் நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் கட்டிய கோட்டையின் ஒரே வாயில் எஞ்சி நிற்கிறது. அவ்வாயிலின் நெற்றியில் டச்சுக்காரர் பொறித்த 1670 என்னும் ஆண்டு தெரிகிறது. கட்டியவர் ஒருவர், 1641இல் அதனை வென்று தம் முத்திரையைப் பதித்தவர் வேறொருவர், பின்னர் அக்கோட்டையை இடித்துத் தள்ளியவரோ ஆங்கிலேயர். ஆட்சிகள் எத்துணை விரைவில் மாறிவிடுகின்றன!

கோட்டைகள் எழுவதற்கு முன்பே மலாக்கா சிறந்து விளங்கியது. 1400ஆம் ஆண்டை ஒட்டிப் பரமேஸ்வரா நிறுவிய இத்துறைமுகத்தை வளர்த்தவை பருவக் காற்றுகளே. தென்மேற்குக் காற்றில் பாய்விரித்து வந்த சோழமண்டலக் கரை வணிகர், திரும்பிச் செல்ல வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருந்தனர். அவர்களுள் பலர் இம்மண்ணின் பெண்களை மணந்து இங்கேயே வேரூன்றினர். நினா சட்டு என்னும் தமிழ் வணிகர், போர்த்துகீசியர் ஆட்சியின் தொடக்கத்தில் பெண்டஹாரா என்னும் உயர்பதவியையும் வகித்தார்.

ஆற்றைக் கடந்து பொற்கொல்லர் தெருவுக்குள் நுழைந்தார் ஆசிரியர். 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அங்கே உள்ளது. சில அடி தூரத்தில், மூன்றடுக்குக் கூரையுடன் கம்போங் கிலிங் பள்ளிவாசல். அதனையும் தாண்டினால் செங் ஹூன் தெங் சீனர் கோவில். மூன்று சமயங்களின் வழிபாட்டிடங்களை ஒரே வரிசையில் கண்ட அவருடைய உள்ளம் நிறைந்தது.

ஆலயத்தை எழுப்பிய மலாக்கா செட்டிகளின் வழித்தோன்றல்கள் காஜா பேராங்கில் வாழ்கின்றனர் என்பதை அறிந்திருந்தமையால், வாடகைக் காரில் அங்கே சென்றார். வாயில்தோறும் மாவிலைத் தோரணம். ஒரு வீட்டுத் திண்ணையில் சாரோங் உடுத்திய மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். “வணக்கம் அம்மா” என்றார் ஆசிரியர். மூதாட்டியும் கைகூப்பினார், ஆயினும் பேச்சு மலாய் மொழியில்தான் வந்தது. போகியன்று முன்னோர்க்கு வாழையிலையில் படையல் இடுவதையும், மாரியம்மன் திருவிழாவையும் அவர் மலாய் மொழியிலேயே விவரித்தார்.

ஆசிரியரின் நெஞ்சில் ஒரு வினா எழுந்தது. தெய்வம் நிலைத்தது, படையல் நிலைத்தது, பெயரும் நிலைத்தது. மொழி மட்டும் ஏன் நழுவியது? தாய்மார் பேசிய மொழி மலாய். கடைத்தெருவின் மொழியும் அதுவே. தமிழைக் கற்பிக்கப் பள்ளி இல்லை. மலாயாவில் முதல் தமிழ் வகுப்பு பினாங்கில் தொடங்கிய 1816ஆம் ஆண்டில், இம்மக்களின் முன்னோர் வந்து முந்நூறாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. அவர்களைக் குறைகூற யாருக்கு உரிமையுண்டு? பள்ளியின் துணையின்றியே இத்துணையும் காத்தவர்கள் அல்லரோ அவர்கள்! பள்ளியும் நூலும் வாய்க்கப்பெற்ற பின்னும் வீட்டில் தமிழ் பேசத் தயங்குவோரை நினைத்தபோதுதான் அவருக்கு அச்சம் எழுந்தது.

விடைபெற எழுந்தவரிடம் மூதாட்டி ஓர் உதவி கேட்டார். “பிள்ளை” என முடியும் தம் பாட்டனாரின் பெயரைத் தமிழில் எழுதித் தர வேண்டுமாம். ஆசிரியர் குறிப்பேட்டின் தாளில் பெரிய எழுத்துகளில் எழுதிக் கொடுத்தார். மூதாட்டியின் பேத்தி அதனை வாங்கித் தரையில் விரித்து, எழுத்தின் வளைவுகள்மீது விரலை ஓட்டினாள். “ள்” என்னும் எழுத்தில் விரல் தடுமாறியது. ஆசிரியர் குனிந்து, அச்சிறு விரலைப் பற்றி இருமுறை எழுதிக் காட்டினார். மூன்றாம் முறை அவள் தானே எழுதினாள்.

மணி நான்கரையைத் தாண்டிவிட்டது. வெளியில் காத்திருந்த வாடகைக் காரின் ஒலிப்பான் ஒலித்தது. ஆசிரியர் குறிப்பேட்டிலிருந்து மற்றொரு தாளைக் கிழித்து, அதில் உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் எழுதி அச்சிறுமியின் கையில் கொடுத்துவிட்டே புறப்பட்டார்.