தண்ணி கட்டுற நாளும் யூரியா கணக்கும்

மதுரை மார்க்கெட்டுல கத்தரிக்காய் வாங்குற டவுன்காரங்க, "இதுக்கு யூரியா எவ்வளவு போட்டீங்க?"ன்னு கேட்பாங்க. நல்ல கேள்விதான். ஆனா, "போட்ட பிறகு எவ்வளவு தண்ணி கட்டினீங்க?"ன்னும் சேர்த்துக் கேட்கணும்.

யூரியா மூட்டை 45 கிலோ. அதுல 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல, தழைச்சத்து. மண்ணுல விழுந்த யூரியா சில நாள்ல அம்மோனியமா மாறும். அது களிமண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பிறகு நைட்ரேட்டா மாறும். நைட்ரேட்டுக்கு மண்ணோட ஒட்டு உறவு கிடையாது. தண்ணி போற வழியில அதுவும் போயிரும்.

கத்தரிக்குப் பெரும்பாலான வேர் மேல் ஒன்றரை அடிக்குள்ள இருக்கும். எங்க செம்மண்ணுல வாய்க்கால் நிரம்ப நிரம்பத் தண்ணி விட்டா, அது வேரைத் தாண்டி இறங்கிரும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல்ல கதை வேற. தண்ணி தேங்கும், மண்ணுல காத்து இருக்காது. அப்ப நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி மேல அனுப்பிரும். அதுல ஒண்ணு நைட்ரஸ் ஆக்சைடு. பூமியைச் சூடாக்குறதுல கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வேகம்.

அப்புறம் ஏன் இவ்வளவு தண்ணி கட்டுறாங்க? மும்முனைக் கரண்ட் நாம நினைச்ச நேரத்துக்கு வராது. வந்தா இலவசம். நாளைக்கு எப்ப வருமோன்னு, இருக்கிறப்பவே ஓட்டிருவோம். செடிக்குத் தாகம் இருக்கான்னு பார்த்து ஓட்டுறதில்ல, கரண்ட் இருக்கான்னு பார்த்து ஓட்டுறது.

நான் செய்றது இதுதான். ஒரு சாண் ஆழத்துல மண்ணை எடுத்துப் பிடிச்சுப் பார்ப்பேன். உருண்டை நின்னா மோட்டார் கிடையாது. உதிர்ந்தாத்தான் தண்ணி. 30-ஆம் நாள் மண் அணைக்கிறப்ப வைக்கிற மேலுரத்தை ஒரேயடியா வைக்காம, ரெண்டு மூணு தடவையாப் பிரிச்சு வைப்பேன். வச்சதும் மண்ணை மூடி, லேசா ஒரு தண்ணி. வெயில்ல திறந்து கிடந்தா அம்மோனியாவாப் பறந்துரும். மழை வர்ற மாதிரி இருந்தா மூட்டையைப் பிரிக்கவே மாட்டேன். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. கரைச்ச உரம் வேருக்கே போகும். அணில் குழாயைக் கடிக்கிறது தனித் தொல்லை.

காசு மட்டும்னா இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வயல்ல இறங்குற நைட்ரேட் கடைசியில கிணத்துக்குத்தான் வரும். குடிதண்ணியில லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. மீறினா, அந்தத் தண்ணியில பால்பவுடர் கலக்கிக் கொடுக்குற கைக்குழந்தைக்கு ரத்தத்துல ஆக்சிஜன் ஓட்டம் குறைஞ்சு உடம்பு நீலம் பாய்ஞ்சுரும். காய்ச்சினாலும் போகாது. தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும்.

எங்க வீட்டுல இப்ப நாலு மாசப் பேத்தி இருக்கா. வயக்காட்டுக் கிணத்துத் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சுப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போறேன். கிணறு இருக்கிற ஊர்ல உங்க சொந்தக்காரங்க இருந்தா, அவங்களையும் கொடுக்கச் சொல்லுங்க.