தும்பையின் வெண்மை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளின் ஏரிக்கரைகளிலும் காலிமனைகளிலும் மழைக்குப்பின் தும்பைச் செடிகள் தழைக்கும். வெண்மைக்குத் தும்பையை உவமை சொல்வது தமிழர் வழக்கு. விரல்நுனியினும் சிறிய அப்பூவை மிக நெருங்கிப் படம்பிடிக்க முனைவோர் முதலில் சந்திப்பது ஒளிக்குறைவையே.

பூவை அதன் உண்மை அளவிலேயே பதிப்பதற்காக வில்லையை முன்னே நகர்த்தும்போது, உள்ளே பதியும் ஒளி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இதழ் முழுதும் தெளிவாகத் தெரியவேண்டி வில்லையின் துளையைச் சுருக்கினால் ஒளி மேலும் குன்றும். அதனை ஈடுசெய்ய ஒளிவிழும் நேரத்தை நீட்டினால், இளங்காற்றில் அசையும் பூ மங்கிப் பதியும். கருவியின் ஒளியுணர்திறனை உயர்த்தினாலோ படத்தில் புள்ளிகள் மிகும். ஒன்றைப் பெற மற்றொன்றைச் சிறிது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

மற்றோர் இடரும் உண்டு. ஒளிமானி, தான் காணும் எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதி அளக்கும். படம் முழுதும் தும்பை நிறைந்திருப்பின் கருவி ஒளியைக் குறைத்துவிடும். வெண்மை அழுக்கேறித் தோன்றும். ஆகவே, தேர்ந்த ஒளிப்படக் கலைஞர் கருவி காட்டும் அளவைவிட ஒளியை ஒரு படி கூட்டுவார். அளவு மிஞ்சினால் இதழின் மெல்லிய கோடுகள் வெண்மையில் மறைந்துபோகும். பூவின் நிறம் கருவிக்குத் தெரியாது. அதனை அறிந்த கண்ணே அளவைத் திருத்தவேண்டும்.