ஸ்ரீவைகுண்டத்துத் தண்ணீரின் பின்னால்

காலை ஏழு மணிக்கே வெயில் உறைத்தது. தாமிரபரணியின் கடைசித் தடுப்பான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மேல்புறத்தில் தண்ணீரைவிட அமலைச்செடிதான் அதிகம் தெரிந்தது. நடுவே மணல் திட்டு, அதில் கருவேலம். தூத்துக்குடி ஆலைகளுக்கான 20 எம்.ஜி.டி. திட்டம் இங்கிருந்துதான். நாளொன்றுக்கு 2 கோடி காலன், ஏறத்தாழ 9 கோடி லிட்டர். பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்றவரைக் கேட்டேன். "பிசானத்துக்குப் பயமில்ல அண்ணாச்சி. காருக்குத்தான் பெரும்பாடு" என்றார், இரண்டு நெல் பருவங்களையும் சொல்லி.

தண்ணீர் போகும் திசையில் நானும் கிளம்பினேன். தூத்துக்குடிக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். உப்பளம் வந்ததும் காற்றில் கரிப்பு ஏறியது.

ஸ்பிக் உர ஆலையும் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஆல்கலி ஆலை 1980-களின் தொடக்கத்தில் இங்கே வந்ததே அந்த அக்கம்பக்கத்தை நம்பித்தான். ஸ்பிக்கிடம் அம்மோனியாவும் கரியமில வாயுவும் உண்டு, உப்போ வாசலிலேயே விளைகிறது. மூன்றும் சேர்ந்தால் சோடா ஆஷ், கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் போவது. சோடா ஆஷ் தயாரிக்கும் வழக்கமான சால்வே முறை ஆலைகளில் கால்சியம் குளோரைடு கழிவாகக் குவியும். இங்கே கடைசியில் கிடைக்கும் அம்மோனியம் குளோரைடும் உரமாகி வயலுக்குப் போகிறது. எனக்குப் பிடித்த கணக்கு இதுதான்.

2016-இல் ஆல்கலி ஆலைக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். தங்கள் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்தே ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்து சோடா ஆஷுக்குத் திருப்பும் ஏற்பாடு. சாலையில் நின்று புகைபோக்கியை வெகுநேரம் பார்த்தேன். அந்த வாயுவுக்கு நிறமில்லை. பிடிபட்டது எவ்வளவு, தப்பியது எவ்வளவு என்று கண் சொல்லாது. அந்த அளவீட்டை ஆலை வாசலில் பலகையில் எழுதி வைக்கலாம், ஊர் பார்க்கட்டும்.

ஸ்பிக்கின் நீர்த்தேக்கத்தில் 2022 முதல் சூரியத் தகடுகள் மிதக்கின்றன, 25 மெகாவாட்டுக்குச் சற்று மேல். மின்சாரமும் ஆச்சு, ஆவியாகும் தண்ணீரும் குறையும்.

வாயுவில் காட்டிய இந்த அக்கறை தண்ணீரிலும் வேண்டும். சென்னை மணலி ஆலைகளுக்காகக் கொடுங்கையூரில் நகரக் கழிவுநீரை நன்னீராக்கும் நிலையம் 2019-இல் வந்தது. அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் எடுக்கத் திட்டமிட்ட அளவில் அது சரிபாதி. தூத்துக்குடி நகரக் கழிவுநீரிலிருந்து கொடுங்கையூர் அளவில் கால்வாசி கிடைத்தாலும் கார் சாகுபடிக்கு அவ்வளவு தண்ணீர் மிச்சம்.