பிரிக்காத பொட்டலம்

போன வாரம் பேரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். மணல்மேட்டில் நாலு சக்கர வண்டி ஒன்று தாவிப் பறக்கிறது. யமஹா ராப்டர். ஒற்றை சிலிண்டர், 686 சிசி. "இதுவும் பத்தலைன்னு போரைப் பெருசாக்கி ஓட்டுறாங்க தாத்தா. என் பைக்குலயும் பண்ணலாமா?" என்றான். வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வலது மணிக்கட்டை மட்டும் ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

நான் பஸ் டிப்போவில் எஞ்சின் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். 1990-இல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ., கணக்குப் போட்டால் 98 சிசி. தேய்ந்தால் ரீபோர் செய்து கால் மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவோம். அப்படி நாலு முறை செய்து 51 மி.மீ. வந்தாலும் 102 சிசிதான். அது வைத்தியம். வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

என் மகன் கேட்டது வேறு. 2003, அவன் கல்லூரியில் மூன்றாம் வருஷம். ஆர்எக்ஸ் 135-இன் பிளாக்கை இதில் ஏற்ற வேண்டும் என்றான். ஸ்ட்ரோக் அதே 50, பிஸ்டன் மட்டும் 58. 132 சிசி ஆகிவிடும். "உங்களால முடியாதா அப்பா? நீங்கதான எஞ்சின் டாக்டர்!" அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன்.

எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பிஸ்டன் தலையின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அந்த அளவுக்கு அடியும் கூடும். ஆனால் அடியை வாங்கும் கான்ராடும் கிராங்க் பேரிங்கும் பழைய 100-க்குச் செய்தவைதான். சூடும் அதிகம். கார்புரேட்டரில் பெரிய ஜெட் போடாவிட்டால் பெட்ரோல் பற்றாது, காற்று மிகுந்து இன்னும் சூடேறும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் உள்ளே போய் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. புதுப் பிஸ்டன் சுவரோடு பழகும்வரை முறுக்கவும் கூடாது. டிப்போவில் டீசல் பம்ப்பின் சீலை யாராவது தொட்டால் சத்தம் போடுகிறவன் நான். பஸ் எஞ்சின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதற்கு ஒரு காரணம், அதனிடம் அளவுக்கு மேல் யாரும் கேட்காததுதான்.

புது ஜெட் வாங்கித்தான் வைத்திருந்தேன். மகன் அவசரப்படுத்தினான். அடுத்த வாரம் மாட்டிக்கொள்ளலாம் என்று வண்டியைக் கொடுத்துவிட்டேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து விராலிமலைக்குப் போனான். மே மாத வெயில். ஊர் நெருங்கும்போது பிஸ்டன் ஜாம். பின் சக்கரம் அப்படியே இறுகிவிட்டது. கிளட்சைப் பிடித்தான், ஆனால் ஒரு கணம் பிந்திவிட்டது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பின்னால் லாரி எதுவும் வராதது முருகன் புண்ணியம். பிளாக்கைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஈஷிக் கிடந்தது.

"நான்தான் வேகமாப் போயிட்டேன்" என்று மகன் அழுதான். நான் ஜெட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அவள் இட்லிப் பானையை இடது கையால்தான் இறக்குகிறாள்.

இதையெல்லாம் போன வாரம்தான் முதல்முறையாகப் பேரனிடம் சொன்னேன். அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். சொல்லி முடித்ததும் மனைவி கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"எனக்கு அப்பவே தெரியும். அந்த ஜெட்டுப் பொட்டலம் பிரிக்காம காலண்டர் ஆணியில ஒரு வருஷம் தொங்குச்சே. மாவுக்கட்டோட தெனமும் அதைத்தான பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மகனுக்கு இன்னும் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேலாகத் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வருகிறான். அவன் கை கால் கழுவிச் சாப்பிட உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.